இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

டிசம்பர் 7, சனி

இதை வேதியியல் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் இந்த நோட்டைத் திறப்பதில்லை. அப்பா முன்வாசலில் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. அம்மா நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரியில் தங்கை பிரிஜியோடு இருக்கிறாள்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் அப்பா தோட்டத்திலிருந்து முதல் சுற்று ரப்பர் பாலைக் கொண்டுவந்து ஷெட்டில் தட்டுகளில் ஊற்றினார். பிறகு இரண்டாம் சுற்றுக்குப் போய்விட்டார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்க அண்டி ஆபீசுக்குப் போயிருந்தாள். பால் உறைவதற்கு ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தட்டுகளில் விட வேண்டும். பிரிஜிக்கு எட்டு வயது. அவள் ஆசிட் குப்பியை எடுத்து விளையாடியிருக்கிறாள். இறுகிப்போன மூடியை இழுத்திருக்கிறாள். தெறித்து இடது கண்ணிலும் கன்னத்திலும் விழுந்துவிட்டது. அலறல் கேட்டு ஓடினேன். கழுவிவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டேன். ஆட்டோவில் போனோம்.

டாக்டரம்மா அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்து ஒரு சிறிய காகிதத் துண்டை உள்ளே தொட்டு எடுத்தார். நிறத்தை நான் பார்க்கவில்லை. பிறகு பாட்டில் பாட்டிலாக மருந்து நீர் விட்டுக் கழுவினார்கள். "என்ன பட்டது?" என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். அப்பா மூன்று முறையும் ஆசிட் என்றார்.

"வீட்டுல உடனே தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன்" என்றேன்.

"நல்ல பிள்ளை" என்றார்.

கடைசி பஸ்ஸில் நானும் அப்பாவும் திரும்பி வந்தோம். தட்டில் இருந்த பால் தானாகப் புளித்துத் திரிந்து கிடந்தது. அப்பா அள்ளிக் கொட்டினார். நான் பிரிஜியின் நீல ஃபிராக்கைத் துவைத்துக் காயப் போட்டேன். கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்க அப்பா நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பு வாளியை வாழை மரத்தடியில் கவிழ்த்துக் கழுவி வைத்தேன். வாளி தேவைப்பட்டது.

திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு. வியாழக்கிழமை வேதியியல்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரிஜியின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், "இதுதான் எனக்க அக்கா ஆன்சி. பிளஸ் டூ படிக்கா. ஒடனே வெள்ளம் ஊத்துனது இவதான்" என்றாள். "எனக்கு கண்ணெ தொறக்கவே முடியல்ல, கேட்டியளா? அக்கா என்னெப் பிடிச்சுக்கிட்டு மடமடன்னு ஊத்துனா."

அந்த அம்மாள் என் கன்னத்தைத் தடவினார்.

டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே அழைத்தார். நான் கதவருகே நின்றேன்.

"ஆசிட்னு சொன்னீங்க. ஆனா கண்ணுல பி.எச். பேப்பர் வச்சா காரம் காட்டுது. ஆசிட்னா சிவப்பா வரணும். அங்க வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?"

அப்பா ஷெட்டில் இருக்கும் குப்பிகளை விரல்விட்டு எண்ணினார். பிறகு, "அம்மோனியா இருக்கு டாக்டர். பால் ஒறையாம வச்சிருக்கதுக்கு. அதும் அதே மாதிரி குப்பியிலதான்…" என்றார்.

"ரெண்டும் ஒரே மாதிரி குப்பியா?"

"நாந்தான் மாத்தி ஊத்தி வச்சிருப்பேன் போல."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அம்மோனியா குப்பியெ தொறந்தா மூக்கெ அறுக்குமே, மனுசனுக்கு மணம் கூடவா தெரியாது?"

"இருவது வருசமா ரெண்டையும் மோந்து மோந்து எனக்கு ஒரு மணமும் தெரியல்ல, லீலா" என்றார் அப்பா. 

டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். ஆசிட் பட்டால் மேல்திசு கட்டியாகி அதுவே ஒரு தடுப்பு மாதிரி நின்றுவிடுமாம். காரம் அப்படி நிற்காதாம். கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகுமாம்.

"ஆசிட்டு விட்டா பால் ஒறையும். அம்மோனியா விட்டா ஒறையாது. அதானே டாக்டர்?" என்றார் அப்பா.

"அதேதான்" என்றார் டாக்டர்.

டிசம்பர் 9, திங்கள்

தமிழ்த் தேர்வு. சுமார்.

சனிக்கிழமை எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. நிறத்தைப் பார்த்தேன். கருநீலம்.

டிசம்பர் 10, செவ்வாய்

அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. ஷெட்டில் இருந்த எல்லாக் குப்பிகளையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்து, சிவப்பு பெயிண்டால் ஆசிட் குப்பிகளில் பெருக்கல் குறி போட்டார். அம்மோனியாவில் வட்டம். பிறகு ஒவ்வொன்றையும் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். என்னைக் கூப்பிட்டார்.

"மக்களே, இது எது?"

"ஆசிட்."

"இது?"

"அம்மோனியா."

"ஒனக்குத் தெரியுது" என்றார். மூடியைத் திருகியபடி, "அண்ணைக்கு நீ கிட்ட இருந்திருந்தா பிள்ளைக்க கண்ணு தப்பியிருக்கும்" என்றார்.

நான் கிட்டத்தான் இருந்தேன்.

அப்பா சனிக்கிழமை ஆசிட் கலக்கச் சொன்னது என்னைத்தான். "ரெண்டு மூடி ஆசிட்டு, நெறைய வெள்ளம். பிரிஜியெ கிட்ட விடாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஷெட் படியில் உட்கார்ந்து அயனிச் சமநிலைப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க மனமில்லாமல் பிரிஜியிடம், "அந்தக் குப்பியெ எடுத்துட்டு வாடி" என்றேன்.

"அது ஆசிட்டுல்லா? அப்பா தொடாண்டாம்னாவல்லா?"

"அது வலிமை குறைஞ்ச அமிலம்டி. எறும்பு கடிச்சா வருமே, அதுதான். ஒண்ணும் செய்யாது."

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிக்கது. தண்ணீரில் முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடும். 0.1 மோலார் கரைசலின் pH ஒன்று. ஃபார்மிக் அமிலம் வலிமை குறைந்தது. நூறு மூலக்கூறில் நான்கு பிரிந்தால் அதிகம். அதே 0.1 மோலாரில் pH 2.4. இதை அவளிடம் சொல்லியும் காட்டினேன். அவள் "செரி டீச்சர்" என்று கும்பிட்டுச் சிரித்துவிட்டு ஓடினாள்.

ஒப்பிட வேண்டுமென்றால் செறிவு சமமாக இருக்க வேண்டும் என்று பெனடிக்டா டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். "வலிமை வேற, செறிவு வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்புனா மார்க் கெடையாது." அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். குப்பியில் இருந்தது எண்பத்தைந்து சதவீத ஆசிட். கணக்குப் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ளதைவிட இருநூறு மடங்குக்கும் மேல்.

குப்பியில் இருந்தது ஆசிட்தான். எனக்கு மணம் தெரியும்.

டிசம்பர் 11, புதன்

மத்தியானம் அம்மா போனில் பேசினாள். இன்றும் அந்தக் காகிதம் நீலம் காட்டியதாம். அம்மோனியா இத்தனை கழுவிய பிறகும் நிற்காதே என்று டாக்டரம்மா குழம்புகிறாராம். பிரிஜி கண்ணுக்குள் மண் கிடக்கிறது என்று அழுகிறாளாம். புண் அப்படித்தான் உறுத்தும் என்று நர்ஸ் சொன்னாளாம். இமை வீங்கியிருப்பதால் தொடவே விடமாட்டேன் என்கிறாளாம்.

மண் இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன். எழுதினால் யாரிடமாவது சொன்ன மாதிரி ஆகுமா என்று தெரியவில்லை.

அவள் அலறியதும் நான் குடத்தை எடுத்தேன். தண்ணீர் இருந்தது. நிறைய இருந்தது. கையில் எடுத்த பிறகுதான் யோசித்தேன். தண்ணீரின் pH ஏழு. நடுநிலை. அது அமிலத்தோடு சண்டைக்குப் போகாது. இரண்டை மெதுவாக மூன்றாக்கும், நான்காக்கும். ஏழுக்குக் கொண்டுவர எத்தனை குடம் வேண்டும்? அதற்குள் கண் போய்விடும். பக்கத்தில் சுண்ணாம்பு வாளி இருந்தது. சுண்ணாம்பு நீர் பன்னிரண்டு. இரண்டும் பன்னிரண்டும் பதினான்கு. அதில் பாதி ஏழு.

இவ்வளவும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. குடத்தைக் கீழே வைத்தேன். வாளியில் செம்பை முக்கினேன். தெளிவாக மேலே நின்ற நீரைத்தான் எடுக்க நினைத்தேன். அவசரத்தில் செம்பு ஆழமாக இறங்கியதில் அடியில் இருந்த வெள்ளைக் குழம்பும் வந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். இரண்டு செம்பு. அவளுடைய அலறல் வேறு மாதிரி ஆனது. அப்போதுதான் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றினேன். முகத்தில் இருந்த வெள்ளையெல்லாம் போகும்வரை ஊற்றினேன். அப்பா ஓடி வந்தபோது அவள் மேல் தண்ணீர் மட்டும்தான் சொட்டியது. ஃபிராக்கின் முதுகுப் பக்கம் கொஞ்சம் வெள்ளை இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

pH எண்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. ஒரு படி என்றால் பத்து மடங்கு. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். போன மாதத் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும். ஆனால் கரைந்தது அவ்வளவும் அயனிகளாகப் பிரிந்துவிடும். அதனால் அது வலிமை மிகு காரம். அம்மோனியா வலிமை குறைந்த காரம். 0.1 மோலாரில் 11.1. அது ஆவியாகியும் போகும், கழுவினாலும் போகும். சுண்ணாம்பு போகாது. கரையாத துகள் இமைக்குள் ஒட்டிக்கிடக்கும். கண்ணீர் பட்டுக் கொஞ்சம் கரையும். கழுவினால் மறுபடி கொஞ்சம் கரையும். கண்ணீரின் pH 7.4. அவள் அழ அழ அது கரைந்துகொண்டே இருக்கிறது.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 12, வியாழன்

வேதியியல் தேர்வு. ஐந்து மதிப்பெண் கேள்வி: 0.1 M HCl, 0.1 M அசிட்டிக் அமிலம் இவற்றின் pH மதிப்புகளைக் கணக்கிட்டு ஒப்பிடுக. 1 என்றும் 2.87 என்றும் எழுதினேன். காரணம் எழுதினேன். அழகாக எழுதினேன். பெனடிக்டா டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு இப்பம் எப்படி இருக்கு? நீ அண்ணைக்கு நெஞ்சுறுதியா வெள்ளம் ஊத்துனியாமே. படிச்ச பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று காதருகே சொன்னார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா குளிக்கப் போனபோது பிரிஜி, "அக்கா, உள்ள மண்ணு கெடக்கு. நீயாவது சொல்லேன் டாக்டர்ட்ட" என்றாள்.

"சொல்லுதேன்" என்றேன்.

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை கதவு திறந்தது. இரண்டாம் முறை டாக்டர் என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

டிசம்பர் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அப்பாவும் உடன் இருந்தார். அம்மா வார்டில் பிரிஜியோடு இருந்தாள். அவர் டாக்டரிடம், எனக்கு ரெண்டு கண்ணு இருக்கே, ஒண்ணெ எடுத்துப் பிள்ளைக்கு வைக்கலாமா என்று கேட்டார். உயிரோடு இருப்பவர்களிடம் எடுப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். அவர் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் இன்றும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

"அம்மோனியா இல்ல டாக்டர். குப்பி மாறல்ல. ஆசிட்தான் பட்டது. நாந்தான் மேல சுண்ணாம்பு ஊத்துனேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சுண்ணாம்பா? எந்த மாதிரி?"

"வெள்ளையடிக்க வச்சிருந்தது. குழம்பா இருந்தது."

அவர் திட்டவில்லை. எழுந்து வேகமாகப் போனார். பிரிஜிக்கு மயக்க மருந்து கொடுத்து மேல் இமையை இரண்டு மடிப்பாகப் புரட்டினார்களாம். உள்மடிப்பில் அரிசி நொய் மாதிரி நான்கு வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தனவாம். டாக்டர் ஒரு சின்னத் தட்டில் பஞ்சின் மேல் அவற்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினார்.

"முதல் நாளே தெரிஞ்சிருந்தா…" என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் கேட்டேன். "ஆசிட் மட்டும் பட்டு, வெறும் வெள்ளம் ஊத்தியிருந்தா?"

"உனக்கு இப்ப அது எதுக்கும்மா?"

"சொல்லுங்க டாக்டர்."

"தழும்பு இருந்திருக்கும். பார்வை பெரும்பாலும் இருந்திருக்கும்."

டிசம்பர் 14, சனி

இன்று காகிதம் நிறம் மாறவில்லையாம். ஏழு.

டிசம்பர் 16, திங்கள்

கருவிழி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பிறகு ஒருநாள் வேறு கருவிழி வைத்துப் பார்க்கலாமாம். சுண்ணாம்பில் வெந்த கண்ணில் அது பிடிப்பது கஷ்டமாம். வெளிச்சம் வந்தால் மட்டும் தெரிகிறது என்கிறாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். கதவில் தோள் இடித்தது.

டிசம்பர் 18, புதன்

வெள்ளிக்கிழமையிலிருந்து அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று உறைந்த பாலை உருளையில் விட்டு ஷீட் அடிக்கும்போது மறுபக்கம் நின்று ஷீட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஆறாவது ஷீட் வரும்போது பேசினார்.

"அம்மெட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாண்டாம்."

நான் ஷீட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"எனக்க மேல அவளுக்கு எப்பமும் தேஷ்யமும் கோவமும் இருக்கும். புதுசா ஒண்ணு கூடுனா நான் தாங்கிக்கிடுவேன். ஒனக்க மேல வந்தா நீ இந்த வீட்டுல எப்படி மக்களே இருப்பே? டாக்டரும் சொல்ல மாட்டாவ. நான் கேட்டுக்கிட்டேன்."

"பிரிஜிட்ட?"

"அவளுக்கு ஒன்னெ விட்டா ஆரு இருக்கா? அவ அக்கா வெள்ளம் ஊத்துனான்னே நெனச்சுக்கிடட்டும்." உருளையைச் சுற்றினார். "ஷீட்டெ விடாதே, மடங்குது பாரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் எழுதியதெல்லாம் பொய். மிகவும் நிம்மதியாக இருந்தது. மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

பிரிஜி வீட்டுக்கு வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி. அப்பா சந்திப்பில் போய் அவளுக்குப் பிடித்த மடக்குசான் பலகாரம் வாங்கி வந்தார். தட்டில் வைத்து அவள் முன்னால் உட்கார்ந்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாக்க மடியில இரி, பிள்ளே" என்றேன்.

"வேண்டாம். அவியதான் குப்பியெ மாத்தி வச்சாவ."

அம்மா அடுக்களையில் இருந்து, "அவ சொல்லுதது நியாயந்தானே" என்றாள்.

அப்பா சிரித்தார். "செரி, செரி. பெரிய ஆளாயிட்டா எனக்க மொவ" என்று சொல்லி எழுந்து ஷெட்டுக்குப் போனார். அங்கே இன்று வேலை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பால் வெட்டுவதில்லை.

டிசம்பர் 23, திங்கள்

பிரிஜி என்னைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். அவள் கை என் கழுத்தில் இருக்கிறது. இதை ஒரு கையால் எழுதுகிறேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

இந்த வருடம் வெள்ளையடிக்கவில்லை. அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் மாவு பிழிந்து கொடுத்தேன். வாசலில் அப்பா மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டினார். போன வருடம் வரை காகிதத்தை வெட்டி ஒட்டுவது பிரிஜியின் வேலை. அவர் கத்தரிக்கோலை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவராகவே வெட்டினார். கோணலாக வந்தது. பிரிஜி, "அப்பாவுக்கு மூக்கும் இல்ல, இப்பம் கையும் இல்ல" என்றாள். அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவர் கண் கத்தரிக்கோலின் மேலேயே இருந்தது.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"குப்பி மாறல்ல. அப்பா ஒண்ணும் செய்யல்ல."

"ஆன்சி, உள்ள போ" என்றார் அப்பா.

"அப்பா ஒன்னெ கிட்ட விடாண்டாம்னு சொல்லிட்டுப் போனாவ. நாந்தான் ஒன்னெ குப்பி எடுக்கச் சொன்னேன். அண்ணைக்கு நான் ஊத்துனது வெள்ளம் இல்ல, பிரிஜி. சுண்ணாம்பு. அதுதான் மண்ணு மாதிரி கெடந்தது. எனக்குத் தெரியும். ஆறு நாளு தெரிஞ்சும் நான் சொல்லல்ல."

எண்ணெய் காயும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"பதினாறு நாளா நான் ஒங்கள நாயெப் பேசுனது மாதிரி பேசுனேனே, மனுசா." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரிஜி கண்ணாடியைக் கழற்றினாள். வலது கண்ணால் என்னை வெகுநேரம் பார்த்தாள். "நான் மண்ணு கெடக்குன்னு ஒனக்கிட்ட சொன்னேன்லா?" என்றாள். "டாக்டர்ட்ட சொல்லுதேன்னு சொன்னே."

"ம்."

"பொறவு ஏன் சொல்லல்ல?"

"பயந்துட்டேன்."

அவள் அழவில்லை. நட்சத்திரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்து, அப்பா கோணலாக வெட்டியதைச் சரியாக வெட்டத் தொடங்கினாள். வெட்டுக் கோட்டைவிட்டு விலகி விலகிப் போனது. அப்பா காகிதத்தை அவள் பக்கம் திருப்பித் திருப்பிக் கொடுத்தார்.

இரவு அம்மா எனக்குச் சோறு போட்டாள். பிரிஜி அப்பாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 25, புதன்

விடிவதற்குள் பூசைக்குக் கிளம்பினோம். அம்மா முன்னால் போனாள். பிரிஜி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கு இடது பக்கமாக நடந்தாள். அவளுக்கு இடது பக்கத்தில் நான். அவளுக்குப் பார்வை இல்லாத பக்கம் அது. நான் அங்கே வருகிறேனா என்று தெரிய வேண்டுமென்றால் அவள் முகத்தை முழுவதும் திருப்ப வேண்டும். தோட்டத்தின் இறக்கம் முழுக்க அவள் திரும்பவில்லை.

ஓடைக்கு முன்னால் பாதையில் மழைக்கு உருண்டு வந்த ஒரு கல் கிடந்தது. அவள் காலுக்கு நேரே இருந்தது.

"பிரிஜி, கல்லு" என்றேன்.

திரும்பாமலே காலைத் தூக்கி வைத்தாள்.